பிரிக்காத பிளஸ் ஒன் புத்தகம்

2012 முதல் 2016 வரை கரூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்தேன். அந்த நாட்களில் எனக்குக் கணக்கு தெரியாது. கணக்குப் போடத் தெரியும். வேகமாகவும் பிழையில்லாமலும் போடத் தெரியும். ஆனால் என்ன போடுகிறேன் என்பது தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டி மாதாமாதம் ஃபீஸ் வாங்கினேன். கேள்வி கேட்ட பிள்ளைகளை அடக்கி வைத்தேன். பிறகு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், பதினாறு வயதில் படித்திருக்க வேண்டியதைப் பிரீகால்குலஸ் என்ற பெயரில் படிக்க நேர்ந்தது. அப்போதும் அதே வேஷத்தைக் கலைக்காமல் இருந்தேன். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2011இல் பிளஸ் டூ முடித்தேன். நாமக்கல் பக்கம் ஒரு உறைவிடப் பள்ளி. பிளஸ் ஒன்னில் சேர்ந்த உடனேயே பிளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது, பள்ளியே தேர்வு வைத்து மார்க் போட்டுக்கொள்ளும். அதனால் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளும் என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தன. முக்கோணவியல், சார்புகளும் வரைபடங்களும், எல்லை என்றால் என்ன, வகைக்கெழு என்றால் என்ன என்று எல்லாம் அவற்றில்தான் இருந்தன. நான் அவற்றைப் பிரிக்கவே இல்லை.

அன்றைய பிளஸ் டூ கணக்குத் தாள் 200 மார்க். ஒரு மார்க் கேள்வி 40, ஆறு மார்க் 10, பத்து மார்க் 10. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்பதை புளூபிரிண்ட் சொல்லிவிடும். ஒரு மார்க் கேள்விகளுக்குப் புத்தகத்தின் பின்பக்கமும் ‘கம் புக்’ என்ற கேள்வித் தொகுப்பும் போதும். குலங்கள் பாடத்தில் அடைப்பு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி என்று நான்கையும் வரிசையாக எழுதினால் பத்து மார்க் உறுதி. குலம் என்பது எதற்கு என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஸ்டெப் மார்க் எங்கே விழும் என்று மட்டும் கற்றுக்கொண்டேன். கணக்கில் 200க்கு 200 வந்தது. இயற்பியலும் வேதியியலும் கட்-ஆஃபை இழுத்துவிட்டதால் நினைத்த இஞ்சினியரிங் கல்லூரி கிடைக்கவில்லை. உள்ளூரில் பி.காம் சேர்ந்தேன். ஆனாலும் தெருவில் நான் ‘சென்டம் எடுத்த பொண்ணு’. அந்தப் பெயரை நம்பித்தான் மறு வருஷமே பிள்ளைகளை அனுப்பினார்கள்.

எனக்கு நடந்ததையே நான் அவர்களுக்கு நடத்தினேன். பிளஸ் ஒன் முடிக்கும் முன்பே வந்து சேர்ந்த பிள்ளைகளிடம், “அந்தப் புக்கை மூடி வைங்க, அது தேவைப்படாது” என்று சொன்னேன். இதை நான் என் வாயால் சொன்னேன். பள்ளிக்கூடம் சொல்லச் சொல்லவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பையன். அப்பா தறியில் வேலை, அம்மா தையல். வகையிடல் ஆரம்பித்த அன்று நான் போர்டில் சூத்திரங்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கினான். “டிஒய் பை டிஎக்ஸ்ல மேலயும் கீழயும் டி இருக்குதுங்களே அக்கா. அடிச்சுட்டா ஒய் பை எக்ஸ் தானுங்க மிச்சம்?”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களைச் சிரிக்க விட்டேன், ஏனென்றால் எனக்குப் பதில் தெரியவில்லை. டியை அடிக்கக் கூடாது என்று தெரியும். ஏன் கூடாது என்று தெரியாது. “அதெல்லாம் போர்டு எக்ஸாமுக்கு வராதுடா. ஃபார்முலாவை எழுது” என்றேன். அவன் குனிந்து எழுதினான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் கையைத் தூக்கியதில்லை. பொதுத்தேர்வில் நல்ல மார்க் எடுத்தான். இனிப்புப் பெட்டியோடு வந்து அவன் அம்மா எனக்கு நன்றி சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

2016இல் கல்யாணமாகி ஓஹியோவுக்குப் போனேன். கணவருக்கு வேலை விசா, எனக்குச் சார்ந்திருப்போர் விசா. வேலை பார்க்க அனுமதி இல்லை, படிக்கத் தடையில்லை. பிசினஸ் அனலிடிக்ஸில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசைப்பட்டேன். சேருவதற்கு முன் அப்ளைடு கால்குலஸ் முடித்திருக்க வேண்டும் என்றார்கள். அங்கே இஞ்சினியரிங், இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கால்குலஸ், வணிகம், பொருளாதாரம், உயிரியல் படிப்பவர்களுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் அப்ளைடு கால்குலஸ். நிரூபணங்கள் குறைவு. செலவு, வருவாய், மக்கள்தொகை, மருந்து உடலில் கரையும் வேகம் என்று வாழ்க்கையில் மாறிக்கொண்டிருக்கும் பொருள்களைப் பற்றிய கேள்விகள் அதிகம். எனக்கு அது தூசு என்று நினைத்தேன். நிலை அறியும் தேர்வை ஆன்லைனில் எழுதினேன். சார்புகள், மடக்கைகள், முக்கோணவியல் என்று பிளஸ் ஒன்னில் இருந்தவையெல்லாம் வரிசையாக வந்தன. முடிவில், முதலில் பிரீகால்குலஸ் படித்துவிட்டு வா என்று வந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரில் அம்மாவிடமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ‘கால்குலஸ் படிக்கிறேன்’ என்று சொன்னேன். அது பொய்.

முதல் வகுப்பில் பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குடுவையை மேசையில் வைத்தார். அடி அகலமாக, மேலே போகப் போகக் குறுகி, கழுத்து மட்டும் நேராக இருக்கும் கூம்புக் குடுவை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷனுக்கு நான் எத்தனையோ முறை பிடித்த அதே குடுவை. ஒரே சீராகத் தண்ணீர் ஊற்றினால் நீர்மட்டம் எப்படி உயரும் என்று வரைபடம் போடச் சொன்னார். எண் எதுவும் தரவில்லை. நான் சூத்திரத்துக்காகக் காத்திருந்தேன். கூம்பின் கன அளவு எனக்கு மனப்பாடம், ஆனால் ஆரம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லையே. பக்கத்தில் இருந்தவர் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர், பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆனவர். அவர் குடுவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடியில் அகலம் அதிகம், அதனால் மட்டம் மெல்ல ஏறும். குறுகக் குறுக வேகமாக ஏறும். கழுத்துக்கு வந்ததும் ஒரே வேகம். முதலில் படுத்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் நேர்கோடாகப் போகும் ஒரு கோட்டை வரைந்தார். என் தாள் வெள்ளையாக இருந்தது.

ஒன்று மாறினால் அதைச் சார்ந்த இன்னொன்று எப்படி மாறுகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்கப் பழக்குவதுதான் பிரீகால்குலஸ். வகையிடல் அங்கே வருவதில்லை. அது வரும்போது அதைப் புரிந்துகொள்ளும் கண்ணைத் தயார் செய்கிறார்கள். அந்த முதல் நாளே எனக்கு என் நிலை தெரிந்துவிட்டது. தெரிந்தபின் நான் செய்ததைத்தான் இங்கே முக்கியமாக ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கற்றுக்கொள்ள மறுத்தேன். பாடத்துக்கென்று இருந்த ஆன்லைன் வீட்டுப்பாடத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் அதே மாதிரியான இன்னொன்றைப் போட்டுக் காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றினேன். சைன் 150 பாகையும் சைன் 30 பாகையும் ஏன் சமம் என்று வட்டத்தை வைத்து விளக்கச் சொன்னபோது ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ என்று பள்ளியில் படித்த மனப்பாட வரியை எழுதினேன். சந்தேகம் கேட்கப் பேராசிரியரின் அறைக்குப் போகலாம், அதற்கென்றே நேரம் ஒதுக்கியிருந்தார். நான் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே.

ஊரில் நான் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தவள் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பி அந்தக் கிடங்குத் தொழிலாளி என்னிடம் லாக் கணக்குக்கு விளக்கம் கேட்டார். 5 சதவீதக் கூட்டுவட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? இரண்டு பக்கமும் லாக் எடுங்கள், அடுக்கை முன்னால் கொண்டுவாருங்கள், வகுங்கள் என்று மூன்று படிகளை எழுதிக் கொடுத்தேன். விடை சுமார் 14.2 ஆண்டு. அவர் அதை மதித்துப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டார். லாக் என்பது என்ன என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் லாக் டேபிளை நாள்தோறும் புரட்டியவள்தான் நான். பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதற்காக ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட கருவி அது என்பதையோ, கூட்டலின் மேல் அந்தக் கருவி வேலை செய்யாது என்பதையோ நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்த சிறுதேர்வில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டிருந்தார்கள். 1,000 டாலர் 5 சதவீதக் கூட்டுவட்டியில் இருக்கிறது, 500 டாலர் வீட்டில் ரொக்கமாக இருக்கிறது, மொத்தம் 2,500 ஆக எத்தனை ஆண்டு? முதலில் 500ஐக் கழிக்க வேண்டும். அப்போது பழைய கணக்கேதான், 14.2 ஆண்டு. அவர் நான் கொடுத்த முதல் படியை அப்படியே பின்பற்றி, இருந்த எல்லாவற்றுக்கும் தனித்தனியாக லாக் எடுத்துக் கூட்டிவிட்டார். மார்க் போய்விட்டது. எனக்கு முழு மார்க், மாதிரிக் கணக்குகளில் அதே வடிவத்தைப் பார்த்திருந்தேன். 500ஐ முதலில் கழிக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று அவர் கேட்டார். “பழக்கம்தான். இங்கே ரொம்பக் கறாராகத் திருத்துகிறார்கள்” என்றேன். இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்த மனிதரிடம் அப்படிச் சொன்னேன். என் விளக்கம் தவறு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. செமஸ்டர் முடிவதற்குள் அவர் பாடத்தை விட்டுவிட்டார். வேலை நேரம் மாறியது காரணமாக இருக்கலாம். நான் காரணமே இல்லை என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியாது.

பிரீகால்குலஸில் பி கிரேடு வந்தது. அப்ளைடு கால்குலஸுக்குள் போனேன். அங்கே வகையிடல் வந்தது. என் கை தானாக ஓடியது. வகுப்பில் என்னைவிட வேகமாக யாரும் போடவில்லை. முதல் மிட்டெர்மில் இப்படி ஒரு கேள்வி. ஒரு கடை தேன் விற்கிறது. எத்தனை கேலன் விற்க வேண்டுமோ அதன் இரு மடங்கை 100இலிருந்து கழித்தால் கேலனின் விலை டாலரில் வரும். பத்து கேலன் விற்கும் நிலையில் வருவாயின் வகைக்கெழுவைக் காண்க. பார்த்த உடனே 60 என்று எழுதினேன். சரிதான். அதன் கீழே இரண்டு வரி காலியாக விட்டு, ‘இந்த 60 என்ன சொல்கிறது? கணக்குப் படிக்காத கடைக்காரருக்குப் புரியும்படி, அலகோடு ஒரே வாக்கியத்தில் எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள்.

எழுத முடியவில்லை. 60 டாலரா, 60 கேலனா, 60 சதவீதமா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. தாள் முழுக்க அப்படித்தான். கணக்குகளுக்கு மார்க், அவற்றின் பொருளுக்குப் பூஜ்யம். பாதி மார்க்குக்குமேல் பொருளுக்குத்தான். தேர்ச்சி பெற முடியாது என்று தெரிந்ததும் கடைசித் தேதிக்குள் பாடத்திலிருந்து விலகினேன். மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ என்று விழுந்தது. கணவரிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.

பிரீகால்குலஸ் எடுத்த பேராசிரியரின் அறைக்குப் பிறகுதான் போனேன். பிளஸ் ஒன்னைத் தாண்டியது, டியூஷன், கிடங்குத் தொழிலாளி, வீட்டில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு தாளை நகர்த்தி, தேன் கணக்கை வகையிடாமல் போடச் சொன்னார். பத்து கேலன் விற்றால் விலை 80, வருவாய் 800 டாலர். பதினொன்று விற்றால் விலை 78, வருவாய் 858. கூடுதல் 58. 10.1 கேலன் விற்றால் வருவாய் 805.98. கூடுதலான 5.98ஐ 0.1ஆல் வகுத்தால் 59.8. இன்னும் சிறிதாக, 10.01 கேலனுக்குப் போட்டால் 59.98. நான் 60 வருவதைப் பார்த்தேன். பத்து கேலன் விற்றுக்கொண்டிருக்கும் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் விற்றால், அந்தக் கூடுதல் தேன் கேலனுக்கு ஏறக்குறைய 60 டாலர் வீதம் வருவாயைக் கூட்டும். அவ்வளவுதான் அந்த வாக்கியம். 80 டாலருக்கு விற்கிற தேன் ஏன் 60தான் கொண்டுவருகிறது? இன்னும் கொஞ்சம் விற்க, மொத்தத் தேனின் விலையையும் இறக்க வேண்டியிருக்கிறது. ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி என்ன இருக்கிறது? சென்டம் எடுத்த எனக்கு அது அன்றுவரை வெறும் எண்ணாக இருந்தது.

அந்தத் தாளிலேயே கரூர்ப் பையனுக்கான பதிலும் இருந்தது. டிஒய் என்பது டியை ஒய்யால் பெருக்கியது அல்ல. டி தனியாக ஓர் எண்ணே இல்லை, அதனால் அதை அடிக்க முடியாது. வருவாயில் கூடிய அளவை, தேனில் கூடிய அளவால் வகுக்கிறோம். இரண்டையும் சுருக்கிக்கொண்டே போகும்போது அந்த வகுத்தல் எந்த எண்ணை நெருங்குகிறதோ அதைத்தான் அந்தக் குறி காட்டுகிறது. லைப்னிட்ஸ் 1684இல் அச்சில் வெளியிட்ட கட்டுரையில் இந்த டி இருக்கிறது. அதில் உள்ள மிகச் சிறிய மாற்றம் என்றால் என்ன என்று அறிஞர்களே நூறாண்டுக்கும் மேலாக வாதாடினார்கள். எல்லை என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு உறுதியான அடித்தளம் கொடுத்தது. நான் பிள்ளைகளைச் சிரிக்க விட்ட கேள்வி, அந்தப் பாடத்திலேயே ஆழமான கேள்வி. கேட்டவன் புத்திசாலி. பதினேழு வயதில் அதை அவன் தானாகக் கண்டுபிடித்திருந்தான்.

அடுத்த செமஸ்டர் பிரீகால்குலஸ் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தேன், மதிப்பெண் இல்லாமல், ஆடிட் மாணவியாக. கூடவே நம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அங்கே சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதி இதில் இருந்தது. அதன்பின் அப்ளைடு கால்குலஸை மறுபடி எடுத்து முடித்தேன். மாஸ்டர்ஸும் முடிந்தது. வீட்டில் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். கிடங்குத் தொழிலாளியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவரிடம் நான் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.

கரூர்ப் பையனின் அம்மா வழியாக அவனைப் பிடித்தேன். இஞ்சினியரிங் சேர்ந்து, முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்து, படித்து முடிக்கும்வரை அது அவனை விடவில்லையாம். இப்போது ஊரிலேயே ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறான். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கேள்வி அவனுக்கு நினைவில்லை. “ஆனா அக்கா, அதுக்கப்புறம் கணக்குல நான் யாருகிட்டயும் டவுட் கேட்டதில்லீங்க” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தேன் கணக்கை அவனுக்குச் சொன்னேன். 58, 59.8, 59.98 என்று வந்தபோது, “60க்குப் போகுதுங்களா?” என்று அவனே கேட்டான். அவன் சட்டென்று பிடித்துக்கொண்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பான்.

பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் போனதால்தான் 2017இல் தமிழக அரசு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். தொடர்ந்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை, நானும் வரவேற்கிறேன். ஆனால் ‘அந்தப் புக்கை மூடி வை’ என்று சொல்லும் ஆசை டியூஷன் எடுப்பவர்களுக்கும் பள்ளிகளுக்கும் மறுபடி வரும். அதைச் சொன்னவள் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிச் சொல்பவர் உங்கள் பிள்ளையின் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. பிள்ளை எட்டு, பத்து வருஷம் கழித்து வேறெங்கோ, யாரும் துணையில்லாமல், இரண்டு மடங்கு சிரமப்பட்டுப் படிக்க வேண்டியதாகிறது. பலருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு வருவதே இல்லை. பெற்றோர் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இன்று போட்ட விடை என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று பிள்ளையிடம் கேட்டால் போதும். சொல்ல முடிந்தால் பாடம் நடக்கிறது.

சனி, ஞாயிறுகளில் இப்போது வீடியோ அழைப்பில் பிளஸ் ஒன் கணக்கு எடுக்கிறேன். ஃபீஸ் வாங்குவதில்லை. தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லி, அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன். இதனால் பழைய தவறு நேராகிவிடும் என்று நான் நம்பவில்லை. அன்று எனக்குத் தெரியாது என்பதற்காக என்னை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தெரியாது என்பதை மறைக்க ஒரு பிள்ளையின் கேள்வியை அடக்கினேன், அதுதான் என் குற்றம். என்னிடம் படித்தவர்களே, அன்று நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால் இப்போது கேளுங்கள். பதில் சொல்லும் கடமை எனக்கு இன்னும் இருக்கிறது.